கலைக்கூட வாசலிலிருந்து கெய்ர்ன்ஸ் தெரு வரை

லிவர்பூலின் ஆல்பர்ட் துறைமுகக் கிடங்குகளில் தூண், உத்தரம் எதுவும் மரத்தால் ஆனதல்ல. சரக்கு தீப்பிடித்து அழியக்கூடாது என்பதற்காக ஜெஸ்ஸி ஹார்ட்லி என்ற பொறியாளர் வார்ப்பிரும்பாலும் செங்கல்லாலும் கல்லாலும் எழுப்பியவை அவை. 1846-இல் திறந்த துறைமுகம் 1972-இல் மூடப்பட்டது. 1988-இல் அதே கிடங்குகளில் ஒன்றில் டேட் கலைக்கூடம் குடியேறியது. இருபது ஆண்டுகள் கழித்து, 2008-இல், லிவர்பூல் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகர் ஆனது.

கலையை முன்னிறுத்தி ஒரு நகரை மீட்க முடியுமா? இந்தக் கேள்வியோடு வரும் புவியியல் மாணவர்கள் பேருந்தை விட்டு இறங்கியதும் பரீட்சை அட்டையில் வினாப்படிவத்தைச் செருகிக்கொண்டு நேராகப் போய் நிற்பது ஏதாவது ஒரு கலைக்கூட வாசலில்தான். களப்பணியின் முதல் பிழையும் அங்கேதான் நடக்கிறது. வாசலில் நிற்பவர் கண்ணில் படுவது வந்தவர்கள் மட்டுமே. அவர்களுக்கு நேரமும் இருக்கிறது, ஊரும் பிடித்திருக்கிறது. மதியத்துக்குள் ஐம்பது படிவம் நிரம்பிவிடும், ஐம்பதிலும் ஏறத்தாழ ஒரே பதில்தான் இருக்கும். அந்த வாசலுக்கு ஒருநாளும் வராதவரின் பதில் எந்தப் படிவத்திலும் ஏறாது.

கலாசாரத் தலைநகர் ஆண்டைப் பற்றி லிவர்பூலின் இரு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. அதன் கணக்கில் அந்த ஓராண்டில் கூடுதலாக வந்த வருகைகள் 97 லட்சம், பொருளாதாரப் பயன் 75 கோடி பவுண்டுக்கு மேல். அக்கறையாகச் செய்த ஆய்வு அது. விழாவுக்கு முன்பே, 2005-இலேயே, அளக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் அந்தக் கோடிகள் எந்தத் தெருவில் நின்றன, எந்தத் தெருவைத் தாண்டிப் போயின என்பது நகரம் முழுவதற்குமான ஒரு தொகையில் தெரியாது. அதற்கு ஒருவர் நடந்துதான் ஆக வேண்டும்.

துறைமுகத்திலிருந்து உள்நோக்கி ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு கதவாகக் குறித்துக்கொண்டே நடப்பது குறுக்குவெட்டு நடை. அந்தக் கோட்டில் வரும் போல்ட் தெரு, ஒரு காலத்தில் கப்பல்களுக்குக் கயிறு திரித்த இடம் என்பதால் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும். அதன் மேல் கோடியில் 1941 குண்டுவீச்சில் கூரை இழந்த புனித லூக்கா தேவாலயம் நிற்கிறது. கோர் டைரக்டரி என்ற லிவர்பூலின் பழைய முகவரிப் புத்தகத்தில், எந்தக் கதவு எண்ணில் யார், என்ன தொழில் என்று ஆண்டுவாரியாக அச்சிட்டிருப்பார்கள். அதன் நகல் கையில் இருந்தால், ஒருநாள் வந்து போகும் மாணவருக்கும் ‘முன்பு’ என்ற அளவுகோல் கிடைத்துவிடும்.

குறிக்கும் முறையிலும் வழுக்கல் உண்டு. ‘கஃபே’ என்று ஒரே குறியீடு போட்டால், வேலைக்குப் போகிறவர் முட்டையும் தேநீரும் சாப்பிடும் கடையும், விலை கூடிய காப்பிக்கடையும் வரைபடத்தில் ஒன்றாகிவிடும். பக்கத்தில் ஒரு தேநீரின் விலையை எழுதினால் போதும், இரண்டும் பிரிந்துவிடும். பகல் பதினொரு மணிக்கு ஷட்டர் இறங்கியிருப்பதெல்லாம் காலிக்கடையும் அல்ல. இரவில் திறக்கும் மதுக்கூடமாக இருக்கலாம். கதவில் ஒட்டியிருக்கும் நேரப்பலகையைப் படிக்காமல் ‘காலி’ என்று எழுதக்கூடாது.

பேட்டியிலும் இதே கவனம் வேண்டும். ‘ஊர் மாறியிருக்கிறதா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ‘பத்து வருஷத்துக்கு முன்னால் பாலும் ரொட்டியும் எங்கே வாங்கினீர்கள்?’ என்று கேட்டால் நின்று, கையை நீட்டி, ஒரு மூலையைக் காட்டுவார்கள்.

துறைமுகத்திலிருந்து முக்கால் மணி நேரம் நடந்தால் டாக்ஸ்டெத் பகுதியின் கிரான்பி வரும். 1981-இல் டாக்ஸ்டெத்தில் நடந்த கலவரத்துக்குப் பிறகான ஆண்டுகளில் இங்கே வரிசை வரிசையாக வீடுகள் காலியாகின, பல இடிக்கப்பட்டன. மிஞ்சியவை நான்கு தெருக்கள். போகாமல் தங்கிவிட்டவர்கள் பலகை அடித்த ஜன்னல்களுக்கு வண்ணம் தீட்டினார்கள், தொட்டிகளில் செடி வைத்தார்கள். அந்த நாட்களில் சுற்றுச்சூழல் மதிப்பீட்டுப் படிவத்தோடு ஒரு மாணவர் வந்திருந்தால் கைவிடப்பட்ட வீட்டுக்கு மைனஸ் 3, ஓவியத்துக்கும் செடிக்கும் பிளஸ் 3 என்று போட்டிருப்பார். கூட்டினால் பூஜ்யம். அந்தத் தெருவில் நடந்துகொண்டிருந்த மிகப் பெரிய காரியம் அந்தப் பூஜ்யத்துக்குள் காணாமல் போயிருக்கும். இதனால்தான் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் காரணத்தை எழுத ஒரு வரி விட வேண்டும். ஒரே தெருவை இருவர் தனித்தனியாக அளந்து, பிறகு எங்கே வேறுபட்டோம் என்று உட்கார்ந்து பேச வேண்டும்.

2011-இல் அந்த மக்கள் சமூக நில அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்களோடு சேர்ந்து ‘அசெம்பிள்’ என்ற கட்டடக்கலைக் குழு அந்த நான்கு தெருக்களில் ஒன்றான கெய்ர்ன்ஸ் தெருவில் பத்து வீடுகளைப் புதுப்பித்தது. அந்த வேலைக்காக 2015-இல் அக்குழுவுக்கு டர்னர் பரிசு என்ற கலைப் பரிசு கிடைத்தது. பரிசை நடத்துவது டேட் நிறுவனம், துறைமுகக் கிடங்கில் கலைக்கூடம் வைத்திருக்கும் அதே டேட். கலை நகரத்தை மீட்டது என்று துறைமுகத்தில் எழுதிய மாணவர், கெய்ர்ன்ஸ் தெருவில் எது முதலில் வந்தது என்று குறிப்பேட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும். இங்கே முதலில் வந்தது தொட்டிச்செடி. பரிசு பின்னால் வந்தது.

இந்தத் தெருவில் மாதம் ஒரு சனிக்கிழமை சந்தை கூடும். அன்று கோடு கிழித்து ஆள் எண்ணினால் நெரிசலான கடைவீதி என்று பதிவாகும். ஆகவே நல்ல களஆசிரியர் மாணவர்களை இன்னொரு முறை அழைத்து வருவார், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அதே முனையில் நிறுத்தி, அதே பதினைந்து நிமிடம் எண்ணச் சொல்வார்.