லோடர் பக்கெட்டுக்குப் பல் வைக்கலாமா?

‘டிராக்டர் லோடர் பக்கெட்டில் நாமே இரும்புப் பல் வைத்து வாழைக்கட்டையைப் பெயர்க்கலாமா?’ என்று ஜீயபுரம் பகுதி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இதே கேள்விக்கு ஒருமுறை ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு வருத்தப்பட்டவன் நான். அதனால் இந்த முறை விவரமாகச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு, அந்தநல்லூர் பக்கம் ஒரு வாழைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். தார் வெட்டி முடிந்த பூவன் தோட்டம். கட்டையை மண்ணிலேயே விட்டால் கிழங்குக் கூன்வண்டு அதில் பெருகி, அடுத்த நடவுக்குத் தாவும். தோண்டி அப்புறப்படுத்துங்கள் என்று நாங்கள்தான் சொல்கிறோம். ஆனால் கடப்பாரை பிடிக்க ஆள் கிடைப்பதில்லை. தோட்டக்காரரிடம் எரு அள்ளுகிற லோடர் இருந்தது. பழைய லாரிப் பட்டையை வெட்டி, பக்கெட்டின் வலது மூலையில் ஒன்றரை அடி நீளத்துக்குப் பல்லாகப் பற்றவைத்திருந்தார்.

“எப்படி இருக்கு சார்?” என்றார். கையால் தட்டிப் பார்த்தேன். “நல்லாத்தான் இருக்கு” என்றேன். நான் படித்தது வேளாண்மை. வெல்டிங் பற்றி எதுவும் தெரியாது. அதை அன்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் போன் வந்தது. பல் ஒடிந்து தெறித்து, அவர் மகன் காலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்திருக்கிறது. லோடரின் ஒரு கையும் முறுக்கிக்கொண்டது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. “நீங்க பார்த்துச் சொன்னதால தைரியமா இறங்கிட்டேன் சார்” என்று மட்டும் சொன்னார். அன்று ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கு வந்த பிறகும் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வாரம் அவரையும் அழைத்துக்கொண்டு துவாக்குடி பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன். பாய்லர் ஆலை வந்ததிலிருந்து வெல்டிங் தெரிந்த கைகளுக்குத் திருச்சியில் பஞ்சமில்லை. அங்கிருந்த மூத்த வெல்டர் ஒடிந்த துண்டைப் பார்த்ததுமே மூன்று தவறுகளைச் சொன்னார்.

முதலாவது, இரும்பு. லாரிப் பட்டையில் கார்பன் அதிகம். சாதாரண ராடு வைத்துப் பற்றவைத்தால், சூடு சட்டென்று ஆறும்போது வெல்டிங்கை ஒட்டிய இடம் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பக்கெட்டின் வெட்டு விளிம்பும் பெரும்பாலும் கடின இரும்புதான். முன்கூட்டியே சூடேற்றி, ஈரமில்லாத லோ ஹைட்ரஜன் ராடு போட்டு, மெதுவாக ஆறவிட வேண்டும்.

இரண்டாவது, நீளம். பக்கெட் பின்னிலிருந்து விளிம்பு வரை இரண்டரை அடி, விளிம்பில் ஆயிரம் கிலோ விசை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை அடி பல்லை முன்னே நீட்டினால் தூரம் நான்கு அடி ஆகிவிடும். நுனியில் கிடைப்பது 625 கிலோதான். பல் நீளமானால் பலம் குறையும்.

மூன்றாவது, இடம். மூலையில் பல் இருந்தால் முழுச் சுமையும் ஒரே கைக்குப் போய், இரண்டு கைகளையும் முறுக்கும். எரு அள்ளும் லோடர், நேராகத் தூக்குவதற்குச் செய்யப்பட்டது. ஓரத்தில் நெம்புவதற்கு அல்ல.

பிறகு செய்தது இதுதான். நடுக்கோட்டுக்கு இருபுறமும் சம தூரத்தில் இரண்டு குட்டைப் பற்கள். பக்கெட்டின் அடித்தகட்டுக்கு மேலும் கீழும் கனமான பிளேட் கொடுத்து போல்ட் போட்டோம். அதிகச் சுமை வந்தால் பல்லோ கையோ போகாமல், முதலில் அறுந்துபோகிற மாதிரி ஒரு சின்ன போல்ட்டையும் வைத்தார் வெல்டர். எரு அள்ளும்போது பற்களைக் கழற்றிவிடலாம். லோடர் கையில் துளைபோடவோ பற்றவைக்கவோ கூடாது. டிராக்டரில் வெல்டிங் செய்யும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

ஓட்டும் முறையும் முக்கியம். வண்டல் மண் ஈரமாக இருந்தால் கட்டை விடாது. காலில் ஒட்டாத பதம் வரட்டும். டிராக்டரின் பின்னால் ரோட்டவேட்டர் போல ஏதாவது எடை மாட்டுங்கள். இல்லாவிட்டால் பின்சக்கரம் தூக்கும். வேகமாக ஓடிவந்து குத்தாதீர்கள். கட்டைக்கு நேராக நின்று பல்லை இறக்கி, பக்கெட்டை மெதுவாக மடக்குங்கள். வரவில்லையென்றால் மறுபக்கம் போய்த் தோண்டுங்கள். சுற்றிலும் ஆள் நிற்கக் கூடாது; குழந்தைகளைத் தோட்டத்துக்கே வரவிடாதீர்கள். இறங்கும் முன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று, என் படிப்புக்கு உட்பட்டது. ரஸ்தாளியில் வாடல் நோய் கண்ட தோட்டமென்றால், பல்லில் ஒட்டிய மண்ணே நோயை அடுத்த வயலுக்குக் கொண்டுபோகும். அந்தப் பூஞ்சணம் மண்ணில் பல வருடங்கள் உயிரோடு இருக்கும். வெளியே வருமுன் பல், பக்கெட், டயர் எல்லாவற்றையும் கழுவுங்கள்.

தென்னங்கட்டை, வாய்க்கால் கரை, ஆழமான குழி இவற்றுக்கெல்லாம் இந்தப் பல் ஆகாது. ஜே.சி.பி.தான் சரி. வேளாண் பொறியியல் துறை மண் அள்ளும் இயந்திரங்களை வாடகைக்குத் தருகிறது; உழவன் செயலியில் விவரம் பாருங்கள்.

ஆக, ஜீயபுரம் வாசகருக்கு என் பதில்: வைக்கலாம், குட்டையாக, நடுவில், போல்ட் போட்டு. ஆனால் மாட்டும் முன் நல்ல வெல்டர் ஒருவரிடம் காட்டுங்கள். என்னிடம் காட்டினால், “எனக்குத் தெரியாது, வாங்க பட்டறைக்குப் போவோம்” என்றுதான் இப்போது சொல்வேன்.