புரட்டாசியில் திறக்கும் கூரை

ஆவணி பிறந்துவிட்டால் டெல்டா மாவட்டங்களின் ஓட்டு வீடுகளில் ஓடு மாற்றுகிற பேச்சு எழும். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் கூரையில் யாரும் ஏற முடியாது என்பதால் புரட்டாசிக்குள் வேலை முடிந்தாக வேண்டும். மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமங்களில் இந்த வேலையைக் கூர்ந்து பார்த்தபோது எனக்கு ஒன்று உறுதிப்பட்டது. அடிக்கடி பிரித்து அடுக்க வேண்டியிருப்பதை நாட்டு ஓட்டின் குறையாகவே பேசிவருகிறோம். அந்தக் கூரையை இத்தனை காலம் காத்துவந்ததே அந்த வேலைதான்.

நாட்டு ஓட்டைக் குயவர் சக்கரத்தில் குழாய்போல் வனைந்து, ஈரம் போகுமுன் நெடுக்கில் இரண்டாகக் கீறி, உலர்த்திச் சூளையில் சுடுகிறார்கள். அதைக் கூரையில் பொருத்த ஆணியோ கொக்கியோ கிடையாது. மல்லாந்த வரிசைமேல் கவிழ்ந்த வரிசை ஏறி, தன் எடையிலேயே உட்கார்ந்திருக்கும். பூனை ஓடினாலும் தென்னை மட்டை விழுந்தாலும் நகர்ந்துவிடும். மாற்றுகிறவர் பனங்கை போகிற இடமறிந்து அதன்மேலேயே கால் வைக்கிறார். நடுவில் வைத்தால் மூங்கில் ரீப்பர் தாங்காது. முகட்டிலிருந்து பிரித்துக்கொண்டே இறங்கி, இறவானத்திலிருந்து அடுக்கிக்கொண்டே ஏறுகிறார். எடுத்த ஒவ்வோர் ஓட்டையும் விரல் மடக்கித் தட்டிப் பார்க்கிறார். கணீரென்றால் அது மறுபடி கூரைக்குப் போகும். மந்தமாகக் கேட்டால் உள்ளே கீறல், ஒதுக்கிவிடுவார். ஓடு நீங்கிய இடத்தில் ரீப்பரைக் கட்டைவிரலால் அழுத்துவதும் இதோடு சேர்ந்தே நடக்கிறது. உளுத்த மூங்கில் மாவாய் உதிரும். பனங்கையில் கரையான் மண் ஏறியிருந்தால் சுரண்டிவிட்டு, மரம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்கிறார். ஒழுகலை அடைக்க அவரைக் கூப்பிடுகிறோம். அவர் செய்து தருவது கூரை முழுவதற்குமான சோதனை.

கான்கிரீட் தளத்துக்கு இந்தச் சோதனை வாய்ப்பதில்லை. வெடிப்பு வழியே இறங்கும் நீர் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் அடிப்பூச்சு பெயர்ந்து விழுகிறது. கடலோரத்தின் உப்புக்காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பழைய தொகுப்பு வீடுகள் பலவற்றில் கம்பி வெளியே தெரிய நிற்கும் கூரைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓட்டு வீட்டில் பழுது முதல் மழையிலேயே சொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும், அதுவும் ஒருவர் கையால் சரிசெய்யக்கூடிய நிலையிலேயே. மராமத்தே வேண்டாம் என்று நம்பிக் கட்டிய தளத்தில் பழுது தெரியவரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கிறது.

கூலி கட்டுப்படியாகாது, ஆளும் கிடைப்பதில்லை என்பார்கள். இரண்டும் உண்மை. ஆனால் பிரித்த ஓட்டில் பெரும்பகுதி திரும்பவும் அதே கூரைக்குத்தான் போகிறது. செலவாவது கூலியும் உடைந்த ஓட்டுக்கான விலையும். அந்தக் கூலியும் உள்ளூரிலேயே தங்குகிறது. புது ஓடு கிடைப்பது அரிதாகிவிட்டதுதான் இதைவிடப் பெரிய சிக்கல். ஏரி, குளங்களிலிருந்து களிமண் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற 2024-இல் அரசு வழிசெய்தது நல்ல தொடக்கம். ஆனால் ஓடு கேட்டு வருகிறவர் இல்லையென்றால் மண் கிடைத்தும் சூளை எரியாது.

புயலை முன்வைத்துச் சொல்லப்படும் மறுப்பு கனமானது. 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது ஓட்டுக் கூரைகள் பறந்தன. அந்த இரவில் உயிரைக் காக்கக் கான்கிரீட் தளமே மேல். புதிதாகக் கட்டுகிறவரை ஓட்டுக்குத் திரும்பச் சொல்ல எனக்கு மனம் வராது. நான் கேட்பது, புரட்டாசியில் கூரையேறிப் பார்க்கும் பழக்கம் ஓட்டோடு சேர்ந்து போய்விடக் கூடாது என்பதுதான். தளத்து வீட்டுக்காரரும் மழைக்கு முன் ஏறி, வடிகுழாயில் அடைத்த சருகை எடுத்து, கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கட்டும். அங்கேதான் நீர் தேங்கி இறங்கும்.

ஓடு மாற்றத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் வயல் வேலை இல்லாத நாட்களில் கூரையேறும் விவசாயக் கூலிகள். இடுப்பில் கயிறு கிடையாது. கீழே விழுந்தால் வைத்தியச் செலவு அவர்கள் தலையில். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் தமிழகத்தில் 1994 முதல் இருக்கிறது. கொத்தனாருக்கும் தச்சருக்கும் உள்ள இடம் ஓடு மாற்றுகிறவருக்கும் அதில் தயக்கமின்றிக் கிடைக்க வேண்டும். பதிவு முகாம்களை அவர்கள் கூரையில் நிற்கும் ஆவணி, புரட்டாசியில் ஊராட்சிதோறும் நடத்தலாம். வீட்டுக்காரர் கூலியோடு ஒரு கயிற்றுக்கும் சேர்த்துக் காசு ஒதுக்கலாம்.