வாடகைக்கு வந்த முகம்

விருத்தாசலம் என்றதும் இலக்கிய அன்பர்களுக்குப் புதுமைப்பித்தனின் இயற்பெயர் நினைவுக்கு வரும். இரயிலில் செல்வோர்க்கோ அது நான்கு திசைக்கும் வழி பிரியும் சந்திப்பு. நமக்கு அது பீங்கான் ஊர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எட்டுமுன் வெட்டியெடுக்க வேண்டிய மண்ணில் வெண்களிமண்ணும் உண்டு. அந்த மண்ணை அண்டை வீட்டுச் செல்வமாகக் கொண்டு வளர்ந்தவை நம் ஊர்ச் செராமிக் கொட்டகைகள். வீடுதோறும் மின்பலகையில் இருந்த வெள்ளை ஃபியூஸ் கட்டை முதல் ஊறுகாய் ஜாடி, பூச்சாடி, பொம்மை ஈறாக எத்தனையோ பண்டங்கள் இங்குள்ள சூளைகளில் வெந்து வெளியூர் சென்றன. மர்ஹூமாகிவிட்ட நம் அத்தா, அக்கொட்டகைகளில் அச்சு செய்பவராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். அவருடைய முகத்தை நாம் மூன்று முறை வாடகைக்கு எடுக்க நேர்ந்த செய்தியையே இங்கே எழுதப் புகுந்தோம்.

சினிமாவைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவதா என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். அத்தாவும் சினிமா பார்ப்பவர் அல்லர். புகைப்படம் எடுத்துக் கொள்வதிலும் அவருக்கு விருப்பம் இருந்ததில்லை. குடும்ப அட்டைக்கும் வாக்காளர் அட்டைக்கும் எடுத்த படங்கள் தவிர வேறொன்றும் வீட்டில் இல்லை. நம் நிக்காஹ்வின்போது வீடியோக்காரரை வாசலோடு திருப்பி அனுப்பியவர் அவர். அப்படிப்பட்டவர் ஒரு திரைப்படத்தில் நடந்து செல்கிறார் என்று, அவர் மௌத்தான மறு ஆண்டு, தங்கை மகன் ஓடி வந்து சொன்னபோது முதலில் நம்பவில்லை.

நிகழ்ந்தது இதுதான். ஒரு நாள் சென்னைக்கு அனுப்ப வேண்டிய பூச்சாடிப் பெட்டி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு அவர் விருத்தாசலம் சந்திப்பில் நின்றிருக்கிறார். அன்று அங்கே படப்பிடிப்பு. கூட்டத்தோடு கூட்டமாய் நடைமேடையில் அவரும் நடந்திருக்கிறார். வீட்டில் வந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது சிறு முதலில் எடுத்த படம். திரையரங்குகளில் ஒரு வாரம்கூட நிற்கவில்லை, வட்டாகவும் வெளிவரவில்லை. ஆண்டுகள் கழித்து, பணம் கட்டி வீட்டிலிருந்தே பார்க்கும் இணையச் சேவை ஒன்றில் அது வாடகைக்கு வந்தது.

நூற்றுச் சொச்சம் ரூபாய் கட்டினோம். தங்கை மகன் தன் கைபேசியில் படத்தைத் திறந்து, ஒரு வடத்தால் நம் வீட்டுப் பழைய தொலைக்காட்சியோடு இணைத்தான். ஒலி கேட்டது. இரயில் வரும் ஓசையும் தேநீர் விற்பவர் குரலும் தெளிவாகக் கேட்டன. திரை மட்டும் கரிக்கட்டையாய் இருந்தது. அம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக் கொண்டார்கள், குறை தம் கண்ணில்தான் என்றெண்ணி.

குறை கண்ணில் இல்லை, பூட்டில் இருந்தது. எச்.டி.சி.பி. என்று ஒரு முறை உண்டு. இண்டெல் நிறுவனம் வகுத்தது. படத்தை அனுப்பும் கருவி, பெறும் கருவியிடம் முதலில் அடையாளம் கேட்கும். சரியான சாவி காட்டினால்தான் படத்தை விடும். நம் பழைய தொலைக்காட்சியிடம் அந்தச் சாவி இல்லை. ஆகவே பணம் கட்டிய நாம் அதன் கண்ணுக்குத் திருடரானோம்.

பிறகு மைத்துனர் வீட்டுப் புதிய தொலைக்காட்சியில் மஃரிபுக்குப் பின் அமர்ந்து பார்த்தோம். படம் தொடங்கி நாற்பது நிமிடம் கழிந்ததும் வந்தார் அத்தா. வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, இடத் தோளில் பெட்டி. பதினோரு வினாடி. கதாநாயகிக்குப் பின்னே இடப்புறமிருந்து வலப்புறம் நடந்து மறைந்தார். வீட்டில் யாரும் பேசவில்லை. “இன்னொரு தடவை போடு” என்றார்கள் அம்மா.

அந்த இன்னொரு தடவையில்தான் நம் வழக்கே இருக்கிறது. இத்தகைய வாடகையில் பரவலாக உள்ள கணக்கு இது: பணம் கட்டிய 30 நாளுக்குள் பார்க்கத் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டால் 48 மணி நேரத்தில் கதவு சாத்தப்படும். நாம் எடுத்ததும் அதே கணக்கில்தான். மூன்றாம் நாள் அம்மா கேட்டபோது படம் திறக்கவில்லை. மீண்டும் பணம் கட்டினோம். இம்முறை அந்த ஒரு காட்சியையேனும் படமாகப் பிடித்து வைப்போம் என்று கைபேசித் திரையைப் பதியும் வசதியை அழுத்தினான் பையன். பதிந்தது வெறும் கறுப்புச் சதுரம். பத்து முறை அழுத்தினான். பத்துக் கறுப்புச் சதுரங்கள்.

நிற்க. இந்தப் பூட்டு ஏன் வந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். 1980-களில் சவூதியிலிருந்தும் துபாயிலிருந்தும் திரும்பியவர்கள் கொண்டு வந்த டெக்கை நம் தலைமுறை மறந்திராது. டெக் இல்லாத வீட்டார் ஓர் இரவுக்கு டெக், தொலைக்காட்சிப் பெட்டி, மூன்று கேசட்டுகள் என்று வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி விடிய விடியப் பார்ப்பர். இரண்டு டெக்குகளை இணைத்தால் கேசட்டிலிருந்து கேசட் பிறக்கும். கடைவீதியில் வெற்று ஒலிநாடாவைக் கொடுத்தால் நாகூர் ஹனீபாவின் பாடல்களை வேண்டிய வரிசையில் பதிந்து தருவார்கள். அதில் எவருக்கு எவ்வளவு சேர வேண்டும் என்று அன்று கேட்டவர் யார்? நாமும் கேட்டதில்லை. அமெரிக்காவில் யுனிவர்சல், டிஸ்னி ஆகிய படநிறுவனங்கள் சோனி மீது தொடுத்த வழக்கில், வீட்டில் பிறகு பார்ப்பதற்காக ஒளிபரப்பைப் பதிந்து வைப்பது நியாயமான பயன்பாடே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1984 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். ஒரு நீதிபதி மாறியிருந்தால் டெக்கின் கதையே வேறாகியிருக்கும்.

நாடாவில் ஒரு நன்மை இருந்தது, படமெடுத்தவர்க்கு. பிரதியின் பிரதி மங்கும். மூன்றாம் கைக்குப் போகும்போது கதாநாயகன் யார், வில்லன் யார் என்று குரலை வைத்துத்தான் சொல்ல வேண்டும். இது பீங்கானுக்கும் பொருந்தும். கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால், பிளாஸ்டர் நீரை உறிஞ்ச, உட்சுவரில் மண் ஒட்டித் தடிக்கும். மிஞ்சிய கரைசலைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால் ஜாடி வரும். அது காயும்போதும் சூளையில் வேகும்போதும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். ஆகவே ஒருவர் செய்த ஜாடியைக் கடையில் வாங்கி, அதன்மீதே அச்செடுத்து வார்த்தால், பிறப்பது ஒரு சுற்றுச் சிறியதாகவே பிறக்கும். திருட்டை அளவுகோல் காட்டிக் கொடுத்துவிடும்.

அத்தா கொடி சுற்றிய பூச்சாடி ஒன்றுக்கு அச்சு வடித்திருந்தார். அடியில் ஓர் இலை மட்டும் மடங்கியிருக்கும். ஒரு முறை வெளியூர்க் கடையொன்றில் அதே ஜாடியை, அதே மடங்கிய இலையோடு, விரற்கடை குறைவாகப் பார்த்தார். “நம்ம ஜாடிக்குப் பிள்ளை பொறந்திருக்கு” என்று சிரித்துக்கொண்டே வீட்டில் சொன்னார். சொன்னாரே தவிர, அதன்பின் இரண்டு நாள் எவரோடும் பேசவில்லை. ஆகவே படமெடுத்தவர்களின் அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். கணினிப் பிரதி சுருங்குவதில்லை, மங்குவதில்லை. ஆயிரமாவது பிரதியும் முதற்பிரதியே. தமிழ்நாட்டில் திருட்டு வீடியோ குற்றவாளிகள் 2004-இல் குண்டர் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டனர் என்றால், இழப்பு அந்த அளவுக்குப் போயிருந்தது.

படத்தை நேரே வீட்டுக்குத் தரும் முயற்சிகளும் நம் நாட்டில் நடந்தன. 2013-இல் வெளிவந்த தம் விஸ்வரூபத்தைக் கமல்ஹாசன் திரையரங்குக்கு முன்பே டி.டி.எச். வழியாக, ஒரு முறை பார்க்க 1,000 ரூபாய் என்று அறிவித்தார். திரையரங்கு உரிமையாளர்கள் எதிர்த்தனர். அத்திட்டம் அறிவித்தபடி நடந்தேறவில்லை. அப்படத்தின் பொருட்டு நம் சமுதாயத்தில் எழுந்த சர்ச்சையையும் அரசு விதித்த தடையையும் ஈண்டுக் கிளற விருப்பமில்லை. 2015-இல் இயக்குநர் சேரன் ‘ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை’ படத்தை 50 ரூபாய் வட்டாகவே வீடுகளுக்கு விற்க முனைந்தார். வளைகுடாவில் இறந்த கணவனின் உடலுக்காக ஒரு பெண் அலைவதைச் சொன்ன ‘க/பெ ரணசிங்கம்’, 2020 அக்டோபர் 2-இல் ஜீபிளெக்ஸில் 199 ரூபாய்க்கு வந்தது. அந்தக் கதை நம் தெருக்களில் எத்தனை வீடுகளின் கதை! இவற்றுள் சேரனின் வழியே நம் மனத்துக்கு உகந்தது. ஐம்பது ரூபாய் கொடுத்தவன் வட்டைப் பேழையில் வைக்கலாம், மகளுக்குச் சீரோடு அனுப்பலாம், பக்கத்து வீட்டுக்கு இரவல் தரலாம். அவன் வாங்கியது ஒரு பொருள். நாம் மூன்று முறை கட்டிய பணத்துக்கு வாங்கியது என்னவென்று இன்றளவும் விளங்கவில்லை.

மூன்றாம் முறைக்கு முன்னால் ஒரு சிறு விவாதம் நடந்தது.

“மாமா, எதுக்குக் காசைக் கரியாக்குறீங்க? திருட்டு சைட்டுல இதே படம் கெடக்கு. அஞ்சு நிமிஷத்துல எறக்கித் தர்றேன். நம்ம பழைய டிவியிலயும் ஓடும்” என்றான் பையன்.

அவன் சொன்னது உண்மை. அதுதான் நம்மைச் சுட்டது. திருடன் வைத்திருக்கும் பிரதியில் பூட்டு இல்லை, கடிகாரம் இல்லை. அது எந்தத் தொலைக்காட்சியிடமும் அடையாளம் கேட்பதில்லை. பூட்டெல்லாம் பணம் கட்டியவன் வீட்டு வாசலில்தான் தொங்குகிறது.

ஆனால் நமக்குக் குவைத்தில் 1988-இல் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமியின் தீர்மானம் நினைவிருந்தது. நூலாசிரியர் உரிமை, கண்டுபிடிப்பு உரிமை, வணிகச் சின்னம் ஆகியன ஷரீஅத்தின்படி காக்கப்பட்ட சொத்துகளே என்று உலமாக்கள் அங்கே முடிவு செய்தனர். அம்மா அதைப் படித்தவர்கள் அல்லர். “உங்கத்தா ஜாடியைத் திருடுனவனும் அஞ்சு நிமிஷத்துலதான் அச்செடுத்திருப்பான்” என்றார்கள். விவாதம் முடிந்தது. மூன்றாம் முறையும் பணம் கட்டினோம்.

சட்டம் நம்மை இவ்வளவு நெருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 2012-இல் திருத்தப்பட்டது. சொந்தப் பயனுக்காக நியாயமான அளவில் ஒரு படைப்பைக் கையாள்வது உரிமை மீறலாகாது என்று 52-ஆம் பிரிவு சொல்கிறது. திருத்தத்துக்குப் பின் திரைப்படமும் அதில் அடங்கும். பூட்டை உடைப்பவர்க்கு ஈராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டென்னும் 65-ஏ பிரிவும், உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பவரையே பேசுகிறது. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத காரியத்துக்கு அது குறுக்கே நிற்பதில்லை. ஒருவருக்காக வேறொருவர் உடைத்துத் தந்தால், யாருக்கு எதற்காக என்று பெயர், முகவரியுடன் குறித்து வைக்க வேண்டுமாம். அப்படி ஏடு திறந்து வைத்த கடை எதையும் நம் கடைவீதியில் கண்டதில்லை. பதினோரு வினாடிக்கு அத்தாவின் முகத்தை எடுத்து வைத்துக்கொள்ள நமக்கு ஓரளவு வழியைச் சட்டம் விட்டிருக்கிறது என்றே படுகிறது. ஆனால் பூட்டுக்குச் சட்டம் தெரியாது. மகன் யார், கள்ளன் யார் என்று கேட்டறிய அதற்கு வாயில்லை.

அந்தச் சேவைக்கு இரண்டு மடல்கள் எழுதினோம். முதல் மடலுக்கு, எங்கள் வாடகை விதிகளைப் படிக்கவும் என்று விடை வந்தது. இரண்டாவதற்கு விடை இல்லை. தயாரிப்பாளரின் பழைய முகவரிக்கு எழுதியது திரும்பி வந்தது.

மூன்றாம் முறை எடுத்த 48 மணி நேரத்தில், மைத்துனர் வீட்டுக் கூடத்தில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, தொலைக்காட்சிக்கு எதிரே நாற்காலி மீது புத்தகங்களை அடுக்கி, அவற்றின்மேல் இன்னொரு கைபேசியை நிறுத்தினோம். படம் திரையில் ஓட, அதை அந்தக் கைபேசி வெளியிலிருந்து பிடித்தது. எந்தப் பூட்டும் அதைத் தடுக்கவில்லை. திரையின் புள்ளிகளும் கைபேசிக் கண்ணும் ஒத்துப்போகாததால் அத்தாவின் வெள்ளைச் சட்டைமேல் வானவில் கோடுகள் அலையாய் ஓடுகின்றன. முகம் இலேசாய் மங்கியிருக்கிறது. ஓரத்தில் மைத்துனரின் கதர்த்துண்டு தெரிகிறது. பிரதி ஒரு சுற்றுச் சிறியதாகத்தான் பிறந்திருக்கிறது. வழக்கறிஞர் நண்பரிடம் இது குற்றமா என்று கேட்டோம். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே, அந்தக் காட்சியை முதலில் காட்டுமாறு கேட்டார்.

சில மாதங்களில் அந்தப் படம் சேவையின் பட்டியலிலிருந்தே நீங்கிவிட்டது. இனிப் பணம் கட்டவும் வழியில்லை.

அந்தத் துண்டு இப்போது அம்மாவின் கைபேசியில் இருக்கிறது. இஷாத் தொழுகை முடித்துப் படுக்குமுன், பேரப் பிள்ளைகளில் எவரையாவது கூப்பிட்டுப் போடச் சொல்வார்கள். பதினோரு வினாடி ஓடும். “எம்மாங் கனம் அந்தப் பொட்டி. கீழ வச்சிட்டு நின்னிருக்கலாம்ல” என்பார்கள். பிறகு, இன்னொரு தடவை போடச் சொல்வார்கள்.