வில்லங்கத்தில் வராத கடன்

நாலு மாதம் முன்னாடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரிலிருந்து அண்ணன் போன்.

எங்க ஊர் பெருங்கடவிளை. நெய்யாற்றின்கரை தாலுகா. ஸ்ரீநாராயண குரு 1888-ல் சிவலிங்கம் பிரதிஷ்டை செய்த அருவிப்புறம் எங்க பஞ்சாயத்துதான். பாறசாலை தாண்டிக் களியக்காவிளை போனால் தமிழ்நாடு. வீட்டுக்குள் தமிழ், ரோட்டில் மலையாளம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

"லே, நம்ம விளையை ஒரு டிரஸ்ட் கேக்குது. எல்.பி. ஸ்கூல் கட்டப் போறாங்களாம். நல்ல விலை. நீ ஒரு ஒப்பு போட்டு அனுப்பணும்."

அறுபது சென்ட். வாழையும் மரச்சீனியும் விளைந்த மண். பள்ளிக்கூடம் வருகிறதென்றால் சந்தோஷம்தானே? ஆனால் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணே, மண்ணைப் பரிசோதிச்சாச்சா?"

"கிருஷி பவன்ல எப்பவோ பாத்தது. பொட்டாஷ் கொறவாம். பள்ளிக்கூடத்துக்கு பொட்டாஷ் எதுக்குலே?" :-)

இங்கே பிரெஸ்னோவில் ஒரு வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறேன். பி.காம் படித்தவன். கெமிஸ்ட்ரி பத்தாவதோடு சரி. ஆனால் நிலத்தை அடமானம் வைத்துக் கடன் கேட்டு வந்தால், பத்திரத்தோடு 'பேஸ் ஒன்' என்ற சுற்றுச்சூழல் அறிக்கையும் மேஜைக்கு வரும். அந்த நிலத்தில் முன்பு என்ன நடந்தது என்று பழைய விமானப் படங்கள், பதிவேடுகள், பழைய உரிமையாளர்களிடம் பேச்சு என்று தேடி எழுதியிருப்பார்கள். கலிபோர்னியாவில் 2000-ம் ஆண்டு முதல், அரசு நிதியில் புதுப் பள்ளி கட்ட வேண்டுமென்றால் இந்த ஆய்வு கட்டாயம். விவசாய நிலமாக இருந்திருந்தால் மேல்மண்ணில் டி.டி.டி. வகை மருந்துகளும் ஆர்சனிக்கும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது 1972-ல். இன்றும் தேடுகிறார்கள்!

காரணம் இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் வெனாச்சி, யாகிமா பக்கம் ஆப்பிள் தோட்டங்களில் டி.டி.டி. வருவதற்கு முன்பு லெட் ஆர்சனேட் அடித்தார்கள். ஈயமும் ஆர்சனிக்கும் மக்கிப் போகிற சாமான் இல்லை. தோட்டம் போய்ப் பள்ளிக்கூடம் வந்தது, விஷம் மேல்மண்ணிலேயே இருந்தது. பல பத்தாண்டுகள் கழித்து விளையாட்டு மைதானங்களின் மண்ணை மாற்ற வேண்டியதாயிற்று. மண்ணில் விளையாடி, அதே கையை வாயில் வைப்பது சின்னப் பிள்ளைகள்தானே.

அண்ணனிடம் இதைச் சொன்னேன். "அது அமெரிக்கா" என்றார். "காசர்கோடு அமெரிக்காவாண்ணே?" என்றேன். முந்திரித் தோட்டங்களில் 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்த கதை மலையாளம் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தடை போட்டது 2011-ல். அண்ணன் பேசாமல் போனை வைத்துவிட்டார்.

அடுத்த நாள் அப்பாவே கூப்பிட்டார். வயது எழுபத்தெட்டு. "நான் மண்ணைக் கெடுத்துப் போட்டேன்னு சொல்லுதியா மக்கா?"

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்த விளைதான் என்னைப் படிக்க வைத்தது. வாழைக் குழியில் அப்பா ஃபுரடான் குருணை போட்டதும், பி.எச்.சி. பொடியை வெறுங்கையால் கலந்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கிட்டே வராதே என்று விரட்டுவார். ஃபுரடான் கொடிய விஷம், ஆனால் சில மாதங்களில் மண்ணில் சிதைந்துவிடும். சாதுவாகத் தெரிந்த பி.எச்.சி.தான் வருஷக்கணக்கில் தங்கும். இந்தியா அதைத் தடை செய்தது 1997-ல்.

அப்பா அதைக் கள்ளத்தனமாக வாங்கவில்லை. அவர் எடுத்த பயிர்க்கடனில் ஒரு பங்கு உரமும் மருந்துமாகத்தான் வந்தது. என்னை மாதிரி ஒரு வங்கி ஆபீசர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுதான்! இதைச் சொன்னேன். "இங்கே இந்த மாதிரி ஆய்வில் முதலில் கேட்பது பழைய விவசாயியைத்தான். எங்கே கலக்கினோம், எங்கே கொட்டினோம் என்று உங்களுக்குத்தானே தெரியும்? வேற யாருக்கும் தெரியாதுப்பா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஓலைப்புரை இருந்த இடம். தெக்கு மூலை" என்றார்.

பரிசோதனைச் செலவு என்னுடையது. ஆய்வுக்கூடத்து ஆட்கள் வந்தபோது அப்பா கம்பு ஊன்றிக்கொண்டு கூடவே நடந்து இடம் காட்டினாராம். ரிசல்ட் போன வாரம் வந்தது. விளை முழுக்கப் பயப்பட ஒன்றுமில்லை. தெற்கு மூலையில் மட்டும் பி.எச்.சி. நிறைய இருக்கிறது. சின்ன வயதில் நானும் அண்ணனும் உட்கார்ந்து கஞ்சி குடித்த இடம்.

அந்த மூலை மண்ணைத் தோண்டி, முறைப்படி அப்புறப்படுத்திய பிறகுதான் கட்டட வேலை. அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டோம். அண்ணனுக்கு என்மேல் இன்னும் வருத்தம்தான். வாட்சப்பில் குட்மார்னிங் மட்டும் வருகிறது.

ஊரில் நிலம் விற்கும்போது வில்லங்கம் பார்ப்போம். குடிக்கட சர்ட்டிபிகேட் வாங்குவோம். அதில் பணக்கடன் வரும், மண்ணுக்கு நாம் வைத்த கடன் வராது. ஊரில் நிலம் வைத்திருக்கும் நம்மில் பலர் இன்று நாளை என்று விற்கத்தான் போகிறோம். அங்கே பள்ளிக்கூடமோ அங்கன்வாடியோ வருவதாக இருந்தால், அப்பாவோ பெரியப்பாவோ இருக்கும்போதே ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்காது.