படத்தில் மூன்று துண்டு, பொட்டலத்தில் ஒன்று

குன்னூரில் மூன்று நாளாக வெயில் தலைகாட்டவில்லை. இன்று சாப்பாட்டைப் படம் எடுக்கும் தொழிலைப் பற்றி எழுதப்போகிறேன். "டீச்சருக்கு எதுக்கு இந்த வேலை" என்று சிரிக்காமல் கடைசிவரை படியுங்கள்.

உங்களில் ஒருவன் இங்கே சின்னதாக மெஸ் நடத்துகிறான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். சமையல் அவன் மனைவி. மொத்தமே 4 மேசை. சுற்றுலாக் கூட்டம் இல்லாத மழை மாதங்களில் செயலியில் வரும் ஆர்டர்தான் கடை வாடகைக்கு ஆகிறது. படம் இருந்தால்தான் ஆட்கள் ஆர்டர் போடுவார்கள் என்று யாரோ சொல்ல, இணையத்திலிருந்து ஒரு பிரியாணிப் படத்தை எடுத்துப் போட்டுவிட்டான். அதில் மூன்று பெரிய சிக்கன் துண்டு, மேலே முந்திரி, பொன்னிறமாக வறுத்த வெங்காயம். இவன் கொடுப்பதோ ஒரு துண்டும் ஒரு முட்டையும்.

திருப்பூரில் வேலை பார்க்கும் ஒரு பெண், பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கும் தன் அம்மா அப்பாவின் கல்யாண நாளுக்கு, அந்தப் படத்தைப் பார்த்து ஆர்டர் போட்டிருக்கிறாள். அம்மா போனில், "நல்லா இருந்தது கண்ணு" என்றுதான் சொன்னாராம். அப்பா ஆசையாகப் பொட்டலத்தைப் படம் எடுத்து அனுப்பியதில் விஷயம் தெரிந்துவிட்டது. ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, "இதைத்தான் எங்க அப்பா அம்மாவுக்கு நான் வாங்கிக் கொடுத்தேனா?" என்று எழுதிவிட்டாள். அதை என்னிடம் காட்டும்போது அவன் கண் கலங்கியது. "சாப்பாட்டுல குறை இல்ல டீச்சர். படத்துலதான் குறை."

இது பழைய வியாதி. அமெரிக்காவில் கேம்பெல் நிறுவனம் சூப் விளம்பரத்துக்காகக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டு, காய்கறித் துண்டுகள் மேலே தெரியும்படி படம் எடுத்தது. அரசின் வர்த்தக ஆணையம் தலையிட்டு, 1970இல் அந்த வழக்கத்துக்கு முடிவு கட்டியது. நம் நாட்டிலும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைக் குற்றம் என்கிறது. 2024 ஆகஸ்டில் சொமேட்டோவின் தலைவர் தீபிந்தர் கோயல், செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய உணவுப் படங்களை உணவகங்கள் போடக் கூடாது, போட்டால் நீக்கிவிடுவோம் என்று அறிவித்தார். அப்படிப்பட்ட படங்களால் நம்பிக்கை குறைகிறது, புகாரும் பணத்தைத் திருப்பிக் கேட்பதும் கூடுகிறது என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

ஊட்டியில் கல்யாணப் படம் எடுக்கும் இன்னொரு மாணவனைக் கூப்பிட்டேன். "காசு வேண்டாம்" என்றான். "கூலியில்லாத வேலை நமக்கு வேண்டாம்" என்று சொல்லி, மெஸ்காரனையே பேசிய தொகையைக் கொடுக்க வைத்தேன்.

அன்று நான் மாணவி. ஃபிளாஷ் போட்டால் எண்ணெய் பளபளத்து, சோறு வெளுத்துப்போகுமாம். ஜன்னல் ஓரம் மேசையைப் போட்டு, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தான். எதிர்ப்பக்கம் நிழல் விழாமல் இருக்க ஒரு தெர்மாகோல் அட்டை. "வெளியூர்ல இதுக்கு வெள்ளைத் துணி கட்டணும் டீச்சர். இங்க மூடுபனியே துணி" என்றான். தோசை மாதிரித் தட்டையானதை நேர் மேலேயிருந்தும், பரோட்டாவை அடுக்கு தெரியும்படி தாழ்வாகப் பக்கத்திலிருந்தும் எடுத்தான். போன் திரையில் படம் கட்டைவிரல் அளவுதான் தெரியும் என்பதால் ஒரு படத்தில் ஒரு பண்டம்தான். சூடான குழம்புக்குப் பின்னால் கறுப்புத் துணியைக் கட்டியதும் ஆவி அழகாகத் தெரிந்தது. நீராவி கண்ணுக்குத் தெரியாது, குளிர்காற்றில் பட்டுச் சிறு துளிகளானால்தான் புகைபோலத் தெரியும் என்று உங்களுக்கு நடத்தியது நினைவிருக்கிறதா? குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம். இந்தக் குளிருக்குக் காசா பணமா!

பிரியாணி வந்ததும் வாக்குவாதம் வந்தது. "தட்டு நிறைஞ்சாதான் படம் நிக்கும், இன்னும் ரெண்டு துண்டு வைங்க அக்கா" என்றான் படக்காரன். அடுப்படியிலிருந்து அந்தப் பெண் வந்தாள். "ஒரு துண்டு வெச்சு எடுங்க. மூணு வெச்சா மூணுக்கு விலை போடுங்க. அந்தப் பிள்ளைக்கு நான்தான் பதில் சொல்லணும்." யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. ஆர்டருக்குக் கொடுக்கும் அதே டப்பாவில், தராசில் நிறுத்த அதே அளவு சோறு, ஒரு துண்டு, ஒரு முட்டை. துண்டை வெளிச்சம் படும்படி திருப்பி வைத்தான், கொத்தமல்லியைக் கடைசி நிமிடத்தில் தூவினான். அதுவரைக்கும் திறமை, அதற்கு மேல் பொய். எனக்குக் கோடு எங்கே என்று அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது.

ஆர்டர் ஒன்றும் குவிந்துவிடவில்லை. முதல் இரண்டு வாரம் குறையவும் செய்தது. ஆனால் 'படத்தில் இருப்பது வரவில்லை' என்ற புகார் நின்றுவிட்டது. திருப்பூர்ப் பெண்ணுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினான். அவளிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை.

கோவை, திருப்பூர், பெங்களூரு என்று வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளே, உங்களில் பலர் இப்படித்தான் வீட்டுக்கு ஆர்டர் போடுகிறீர்கள். நல்ல விஷயம். கடைக்காரர் போட்ட படத்தோடு, வாங்கியவர்கள் போட்ட படம் இருந்தால் அதையும் பாருங்கள். சாப்பாடு நன்றாக இருந்தால் இரண்டு வரி எழுதுங்கள், சின்னக் கடைக்கு அது பெரிய உதவி. அப்புறம் வீட்டுக்கு ஒரு போன் போட்டு, பொட்டலத்தில் என்ன இருந்தது என்று விவரமாகக் கேளுங்கள். "நல்லா இருந்தது கண்ணு" என்பதோடு விட்டுவிடாதீர்கள். உங்கள் அம்மா வேறு எதுவும் சொல்ல மாட்டார்.