உங்களுக்கு மட்டும்தான் இப்படி வருது

நம்ம ஊர் மெகா சீரியலில் ஒரு தாலி கட்டவே நாற்பது எபிசோட் ஆகும். பிரிட்டிஷ்காரர்கள் இந்த விஷயத்தில் கில்லாடிகள். மூணு, நாலு, மிஞ்சிப்போனால் ஆறு எபிசோடில் கதையைச் சொல்லி முடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். 1995-ல் பிபிசி எடுத்த 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' கூட ஆறே எபிசோட்தான். ஆபீஸ், பிள்ளைகளின் பரீட்சை என்று ஓடும் நமக்கு இந்த மினி சீரிஸ்கள் ரொம்ப தோது.

அதில் ஒன்றே ஒன்று பார்க்க நேரமிருக்கிறது என்றால் நான் கை காட்டுவது 'மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்'. நாலு எபிசோட். 2024 ஜனவரி 1 முதல் 4 வரை தினமும் ராத்திரி ஒன்றாக ஐடிவி ஒளிபரப்பியது. எழுதியவர் க்வினெத் ஹ்யூஸ். கொலை இல்லை, துப்பறியும் சிங்கம் இல்லை. கேஷ் டேலி ஆகவில்லை, அவ்வளவுதான் கதை! சிரிக்காதீர்கள். கவுன்ட்டரில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அதைவிடப் பெரிய திகில் கதை கிடையாது.

கொஞ்சம் பின்னணி. பிரிட்டனில் சப்-போஸ்ட்மாஸ்டர் என்பவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியர் இல்லை. தன் கைப்பணத்தைப் போட்டுக் கடை வைத்து, அதில் ஒரு மூலையில் ஒப்பந்தத்தின் பேரில் தபால் கவுன்ட்டர் நடத்துபவர். ஒரு பக்கம் ரொட்டி, பால். இன்னொரு பக்கம் தபால்தலை, பென்ஷன் பணம். ஊரில் மரியாதையான ஆள். 1999-ல் இவர்கள் கவுன்ட்டர்களில் ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு முறையைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். ஃபுஜிட்சு கம்பெனியுடையது. அதிலிருந்து பிடித்தது சனி. பெட்டியில் உள்ள பணமும் திரையில் உள்ள தொகையும் ஒத்துப்போகவில்லை. ஒப்பந்தப்படி குறைகிற பணத்தை சப்-போஸ்ட்மாஸ்டர்தான் கட்டவேண்டும்.

ஹாம்ப்ஷயரில் ஒரு கிராமத்துக் கடைக்காரர் ஜோ ஹாமில்டன் (மோனிகா டோலன் நடிக்கவில்லை, வாழ்ந்திருக்கிறார்). கணக்கில் இரண்டாயிரம் பவுண்ட் சொச்சம் குறைகிறது. ஹெல்ப்லைனுக்குப் போன் போடுகிறார். அவர்கள் சொன்ன பட்டன்களைத் தட்டுகிறார். அவர் கண் முன்னாலேயே குறைவு இரண்டு மடங்காகிறது! ஏன் என்று கேட்டால், 'வேறு யாருக்கும் இப்படி வரவில்லையே, உங்களுக்கு மட்டும்தான்' என்று பதில். இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மொத்தக் கதையும் இதில்தான் இருக்கிறது.

ஏனென்றால் இதையே இன்னும் பல நூறு பேரிடமும் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தனியாக, ராத்திரி கடையை மூடிய பிறகு, ரசீதுகளை மறுபடி மறுபடி எண்ணியிருக்கிறார்கள். வீட்டை அடமானம் வைத்துக் கட்டியவர்கள் உண்டு. கட்ட முடியாதவர்கள், மறுநாள் கவுன்ட்டர் திறக்கவேண்டுமே என்று, கணக்கு சரியாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். அது பொய்க்கணக்குக் குற்றமாகிவிட்டது. திருட்டு வழக்கைக் கைவிடவேண்டுமானால் பொய்க்கணக்கை ஒப்புக்கொள் என்ற பேரத்தில் ஜோவும் ஒப்புக்கொள்கிறார். 1999-க்கும் 2015-க்கும் நடுவில் இப்படித் தண்டனை பெற்றவர்கள் 900 பேருக்கு மேல்.

பாங்க்காரனாக என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறொரு காட்சி. மைக்கேல் ரட்கின் என்பவர் 2008-ல் ஃபுஜிட்சுவின் பிராக்னல் அலுவலகத்துக்குப் போகிறார். அங்கே ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஏதோ ஒரு கிளையின் கணக்கை மாற்றிக் காட்டுகிறார். கிளையில் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. மறுநாளே ரட்கினின் மனைவி நடத்திய கிளைக்கு ஆடிட்டர் வந்து 44,000 பவுண்ட் குறைகிறது என்கிறார்.

எங்கள் தொழிலில் பாலபாடம் ஒன்று உண்டு. போட்டவர் பெயர் இல்லாமல் ஒரு என்ட்ரி இருக்கக்கூடாது. ஒருவர் போட்டால் இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தரவேண்டும். கேஷ் குறைந்தால் அன்றைக்கே எழுதிவைத்து, வவுச்சர் வவுச்சராகத் தேடுவோம். கடைசியில் காஷியர் கைவிட்டுக் கட்டுவதும் உண்டுதான். ஆனால் தேடுவதற்கு அவர் கையில் காகிதம் இருக்கும், பக்கத்தில் நாலு பேர் இருப்பார்கள். அந்தக் கடைக்காரர்களுக்கு இரண்டுமே இல்லை. திரையில் கடைசித் தொகைதான் தெரியும், அது எப்படி வந்தது என்று போய்ப் பார்க்க வழி இல்லை. போதாக்குறைக்குப் பணம் போச்சு என்று புகார் சொல்வதும், விசாரிப்பதும், வழக்குப் போடுவதும் எல்லாம் அதே போஸ்ட் ஆபீஸ்! கணினி சரியாகத்தான் வேலை செய்திருக்கும் என்று வைத்துக்கொள்வது வேறு அங்கே சட்ட வழக்கம். தப்பு என்று நிரூபிக்கவேண்டியது மாட்டிக்கொண்டவர் பாடு.

ஆலன் பேட்ஸ் (டோபி ஜோன்ஸ்) என்ன செய்தார்? வேல்ஸில் லாண்டட்னோ பக்கம் கடை வைத்திருந்தவர். தெரியாத கடனைக் கட்டமாட்டேன் என்றார். ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரப்படுத்தினார். 2003-ல் ஒப்பந்தத்தை ரத்து செய்து அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகும் அவர் கத்தவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார். 2009-ல் 'கம்ப்யூட்டர் வீக்லி' பத்திரிகை சிலர் கதையை வெளியிட்டது. அதே வருஷம் ஃபென்னி காம்ப்டன் என்ற ஊரில் ஒரு சின்ன மண்டபத்தை எடுத்து, நாற்காலி போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். யாராவது வருவார்களா? ஒரு கார் வருகிறது. அப்புறம் இன்னொன்று. முகம் தெரியாதவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து, 'உங்களுக்குமா?' என்கிறார்கள். அந்த இடத்தில் எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

அதன் பிறகும் பத்து வருஷம். 555 பேர் சேர்ந்து போட்ட வழக்கு 2019 டிசம்பரில் 5.775 கோடி பவுண்டுக்கு முடிந்தது. அதில் பெரும்பங்கு வழக்குச் செலவுக்கே போய்விட்டது. 2021-ல் 39 பேரின் தண்டனையை ஒரே நாளில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. அவர்களில் சீமா மிஸ்ராவும் ஒருவர். இந்தியாவிலிருந்து போனவர். 2010-ல் கர்ப்பிணியாக இருந்தபோது, மூத்த மகனின் பத்தாவது பிறந்தநாளன்று சிறைக்கு அனுப்பப்பட்டவர். கடை வைத்துப் பிழைக்கப் போன இந்தியக் குடும்பங்கள் பல இதில் சிக்கின. அந்தப் பக்கத்தைத் தொடர் இன்னும் விரிவாகக் காட்டியிருக்கலாம் என்பது என் குறை. மேலதிகாரிகளையும் கொஞ்சம் ஒரே சாயலில் வரைந்துவிட்டார்கள்.

இத்தனையும் செய்தித்தாளில் வந்த பிறகும் பெரிதாக எதுவும் அசையவில்லை. தொடர் முடிந்து ஆறாம் நாள், 2024 ஜனவரி 10 அன்று, பிரதமர் ரிஷி சுனக் தனிச் சட்டம் கொண்டுவருவதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். மே மாதம் சட்டம் வந்து, இங்கிலாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்தில் நூற்றுக்கணக்கானவர்களின் தண்டனை மொத்தமாக ரத்தானது. ஆனால் 2025 ஜூலையில் வந்த விசாரணை அறிக்கை, குறைந்தது 13 பேர் இதனால் தற்கொலை செய்திருக்கக்கூடும் என்கிறது. அவர்களுக்கு எந்தச் சட்டம் என்ன செய்யும்?

வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகள் நாளைக்கு ஏதோ ஒரு ஆபீசில், ஏதோ ஒரு திரைக்கு முன்னால் உட்காரப்போகிறவர்கள். 'உங்களுக்கு மட்டும்தான் இப்படி வருது' என்று யாராவது அவர்களிடமும் சொல்வார்கள். அப்போது தலையைக் குனிந்துகொண்டு பணத்தைக் கட்டாமல், எல்லாவற்றையும் எழுதிவைத்து, பக்கத்து சீட்டுக்காரரிடம் 'உங்களுக்குமா?' என்று கேட்கத் தெரிந்தால் போதும். பெரிய பிள்ளைகள் இருந்தால் கூட உட்காரவைத்துப் பாருங்கள். நாலு ராத்திரிதான்.