குறடு யார் கையில்?

போன தை மாதம், விழுப்புரம் பக்கத்தில் ஒரு காலனியின் சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்து, 40,000 ரூபாயை எப்படிச் செலவழிப்பது என்று இரண்டு இரவு சண்டை போட்டோம். பணம் எங்களுடையதல்ல. நாங்கள் அங்கே சமூகப் பணி செய்கிற மூன்று பேர், மாதச் சம்பளக்காரர்கள். பணம், மகளிர் குழுவில் நான்கு பெண்கள் தங்கள் பெயரில் எடுத்துக் கொடுத்த கடன். அதில் ஒரு கொல்லுப்பட்டறை போடுவது என்று முடிவாகிவிட்டது. முதலில் எதை வாங்குவது என்பதில்தான் சண்டை.

பட்டறை போட இருந்தவர்களும் மூன்று பேர். மூத்தவருக்கு 38 வயது, எல்லோருக்கும் அண்ணன். ஊர்த் தெருவில் இருந்த ஆசாரி பட்டறையில் பதினைந்து வருடம் சம்மட்டி அடித்தவர். அடுத்தவர் அவருடைய அக்கா மகன், ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்தவர். இன்னொரு தம்பி திருப்பூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தவர்.

இதற்கு அரசுத் திட்டம் இல்லையா என்று தோழர்கள் கேட்பீர்கள். நாங்களும் அங்கேதான் முதலில் போனோம். ஒன்றிய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள் உண்டு, கொல்லர் வேலையும் அதில் ஒன்று. கருவி வாங்க 15,000 ரூபாய் தருகிறார்கள். ஆனால் குடும்பத் தொழிலாகச் செய்கிறவராக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வியை எதிர்த்து நின்ற மண்ணில் இதை அப்படியே ஏற்க முடியாது என்று தமிழ்நாடு அரசு மறுத்தது சரிதான். மாநில அரசு தனியாகக் கொண்டுவந்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் சாதியோ குடும்பத் தொழிலோ கேட்பதில்லை. ஆனால் 35 வயது ஆகியிருக்க வேண்டும். பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டு அப்பன் தொழிலுக்குப் போய்விடக்கூடாது என்பதற்காக வைத்த வயது அது. நல்ல நோக்கம். எங்கள் தம்பிகளோ அப்பன் செய்யாத தொழிலுக்குப் போகிறவர்கள். அவர்களுக்கும் அதே கதவு மூடிக்கொண்டது.

சரி, அண்ணன் பெயரில் போடலாம் என்று கொட்டேஷன் வாங்கப் போனால், ஜி.எஸ்.டி. பில் தருகிற கடைக்காரர் தன்னிடம் இருக்கிற மெஷினைத்தான் எழுதித் தருகிறார். பழைய இரும்புக் கடையில் கிடைக்கிற நல்ல கருவிக்குக் கொட்டேஷன் கிடையாது. முதலில் எதை வாங்குவது என்பதைத் தொழில் தெரிந்தவர் முடிவு செய்யவில்லை, காகிதம் முடிவு செய்தது. மூன்று லட்சத்துக்கு ஒரு பட்டியல் வந்தது. அதில் ஒரு குறடுகூட இல்லை. பெண்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் குழுக்கடனை எடுத்தார்கள்.

தம்பிகள் இருவரும் வெல்டிங் மெஷின் என்று நின்றார்கள். கேட்டு, கிரில் ஆர்டர் பிடித்தால் ஒரே வேலையில் நாலு காசு நிற்கும் என்றார்கள். தப்பான கணக்கில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் கேட்டு போடுகிறவர்கள் ஊர்த் தெருவில் வீடு கட்டுகிறவர்கள். "வாசல்லயே நிக்க வெச்சிடுவாங்கடா, உள்ள போயி அளவு யாரு எடுக்கறது?" என்றார் அண்ணன். காலனியில் பாதிக் குடும்பங்களுக்கு மேல் கரும்பு வெட்டப் போகிறவர்கள். வெட்டுக் கத்தி, மண்வெட்டி, களைக்கொத்து, கடப்பாரை எதுவானாலும் முனை மழுங்கினால் டவுனுக்கு பஸ் ஏறித்தான் அடித்து வர வேண்டும். யார் வாசலிலும் போய் நிற்காமல் வேலை தேடி வருகிற தொழில் எது என்று பார்த்தோம். உலைதான் முதலில் என்று ஆனது. பெண்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். இரண்டு தவணைக்கான 8,000 ரூபாயைத் தொடக்கூடாது. கொட்டகைக்குத் தகரம் 11,000 போய்விட்டது. மீதி 21,000இல்தான் கருவி, கரி, இரும்பு எல்லாம்.

பதினைந்து வருடம் பட்டறையில் இருந்தீர்களே, உங்களுக்குத் தெரியாதா என்று அண்ணனிடம் கேட்டோம்.

"அடிக்கத் தெரியும். கொறடு புடிச்சதில்ல."

எங்களுக்கு முதலில் புரியவில்லை. பட்டறையில் குறடு பிடிக்கிறவர்தான் கொல்லர். இரும்பை உலையிலிருந்து எப்போது எடுப்பது, எந்தப் பக்கம் திருப்புவது, அடி எங்கே விழ வேண்டும், எப்போது நிறுத்துவது எல்லாம் அந்தக் கையில் இருக்கிறது. அவர் சின்னச் சுத்தியலால் தட்டிக்காட்டுகிற இடத்தில் சம்மட்டிக்காரர் ஓங்கி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். கத்தியைத் தோய்ச்சல் போடும் நேரம் வந்தால் அண்ணனை டீ வாங்க அனுப்பிவிடுவாராம். பதினைந்து வருடமும்.

எம்.ஏ. சமூகவியலில் ஜஜ்மானி முறை என்று எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது. வைசர் என்கிற அமெரிக்கர் 1936இல் எழுதிய புத்தகத்தை வைத்து, சாதிகள் ஒன்றுக்கொன்று சேவை செய்து வாழ்ந்த ஏற்பாடு என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதே 1936இல்தான் அம்பேத்கரின் சாதி ஒழிப்பு நூலும் வந்தது. சாதி பிரிப்பது வேலையை அல்ல, வேலை செய்கிற மனிதர்களை, அதுவும் ஒருவருக்கு மேல் ஒருவராக, என்று அவர் அதில் வாதிட்டார். ஒரே உலைக்கு முன்னால் நின்ற இரண்டு பேரில் ஒருவர் டீ வாங்கப் போன கதையைக் கேட்ட பிறகுதான் இரண்டு புத்தகத்துக்கும் உள்ள தூரம் எங்களுக்குத் தெரிந்தது. அந்த ஆசாரியையும் வில்லனாக்க வேண்டாம். அவரும் ஊர்ப் பெரிய வீடுகளின் திண்ணைக்குக் கீழே நின்று கூலி வாங்கியவர். வயதாகிப் பட்டறையை மூடியபோது பட்டடையை அண்ணனுக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். பங்காளிகள் என்ன சொன்னார்களோ, எடைக்குப் போட்டுவிட்டார்.

ஆகவே பட்டடை தேட வேண்டியதாயிற்று. பட்டறை போடும் எல்லோரும் சொல்கிற யோசனை, தண்டவாளத் துண்டு ஒன்று வாங்கிப் போடுங்கள் என்பது. நல்ல இரும்புதான். ஆனால் ரயில்வே சொத்துகளைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கு என்றே 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. திருட்டுப் பொருள் என்று சந்தேகம் வந்தால், முறையாகத்தான் வந்தது என்று வைத்திருப்பவர் நிரூபிக்க வேண்டும். முதல் முறைக்கே ஐந்து வருடம் வரை சிறை. ஊர்த் தெருப் பட்டறையில் முப்பது வருடமாகத் தண்டவாளம் கிடக்கிறது, யாரும் கேட்டதில்லை. காலனியில் கிடந்தால் முதல் வாரமே ஜீப் வரும். யோசனை சொல்கிறவர்களுக்கு இது தோன்றாது. நமக்குத் தோன்றியாக வேண்டும்.

பழைய இரும்புக் கடையில் மெஷினிலிருந்து கழற்றிய எஃகுக் கட்டை ஒன்று, 70 கிலோ, பில்லோடு 4,000க்குள் கிடைத்தது. ஒரு பேரிங் குண்டை மேலே போட்டுப் பார்த்தோம். நன்றாக எம்பியது. எம்பாமல் சொத்தென்று கிடந்தால் அந்த இரும்பு அடியை விழுங்கிவிடும். கட்டையைப் படுக்கப் போடாமல் நிறுத்தி, புளியமர அடிக்கட்டையில் இறக்கினோம். கையைத் தொங்கவிட்டால் விரல்முட்டி எந்த உயரத்தில் நிற்கிறதோ அந்த உயரம்.

உலைக்கு லாரி பிரேக் டிரம் ஒன்று, சுற்றிலும் களிமண். காற்றுக்கு ஜி.ஐ. பைப் போடப் போனார்கள், நிறுத்தினோம். அதன் மேல்பூச்சு நாகம், சூட்டில் புகையாகி மூச்சில் போனால் குளிர்காய்ச்சல் வரும். புளோயர் கையால் சுற்றுகிறது. கரண்ட் புளோயர் விலை அதிகமில்லை, ஆனால் வீட்டு இணைப்பில் தொழில் செய்தால் அபராதம், தொழில் இணைப்புக்கு மனு போட்டு அலைய வேண்டும். கரி பிரச்சினையில்லை, வேலிகாத்தான் கரி பக்கத்திலேயே சுடுகிறார்கள். ஒரு கிலோ சுத்தியல், ஒரு சம்மட்டி, இரண்டு பழைய குறடு, கடைசியாக ஒரு கை கிரைண்டர். கண்ணாடியும் தோல் ஏப்ரனும் நாங்கள் அடம்பிடித்து வாங்கியவை. தம்பிகள் சிரித்தார்கள். மற்ற குறடுகளை 16 எம்.எம். கம்பியில் அண்ணனே அடித்தார். முதல் இரண்டும் வாய் சேராமல் கோணிக்கொண்டன.

எல்லாவற்றிலும் விலை குறைந்தது, பழைய ஸ்பீக்கரிலிருந்து பிரித்த ஒரு காந்தம். 30 ரூபாய். அந்த டீ நேரத்து ரகசியம் இதில்தான் இருந்தது. இரும்பு 770 டிகிரி சூட்டைத் தாண்டினால் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டாத நிலைக்கு வந்து இன்னும் கொஞ்சம் சூடேறியதும் எண்ணெயில் இறக்க வேண்டும். நாங்கள் வாங்கியது லாரி ஸ்பிரிங் பட்டை. முதல் கத்தியை, ஆசாரி தண்ணீர்த் தொட்டி வைத்திருந்த நினைப்பில் தண்ணீரில் இறக்கினார் அண்ணன். டிக் என்று ஒரு சத்தம். முனையிலிருந்து நடு வரைக்கும் விரிசல். இரண்டாவதை எண்ணெயில் இறக்கினோம். பிறகு மெல்லச் சூடுகாட்டி, தேய்த்த இடத்தில் வைக்கோல் நிறம் ஏறியதும் எடுத்தோம். அண்ணன் அதை ஒரு கரும்பு வெட்டுகிற அக்காவிடம் கொடுத்தனுப்பினார். சாயங்காலம் அவர் திருப்பித் தரவில்லை, விலை கேட்டார்.

தப்பும் செய்தோம். கிரைண்டருக்கு முன்னால் வைஸ் வாங்கியிருக்க வேண்டும். பிடித்து வைக்க ஒன்றும் இல்லாமல், பிடி போடுவதற்கும் அரம் போடுவதற்கும் ஒருவர் காலால் மிதித்துக்கொண்டு நிற்கிறார். அரை மணி நேர வேலை ஒன்றரை மணி நேரம் ஆகிறது. காலில் ஒரு காயமும் ஆனது.

ஐந்து தவணை கட்டியாகிவிட்டது. கரும்பு வெட்டு முடிந்ததிலிருந்து வேலை குறைவு. மண்வெட்டிதான் வருகிறது. பழைய வைஸ் ஒன்று 4,500 சொன்னார்கள். தாடை தேய்ந்திருக்கிறது என்று அண்ணன் வேண்டாமென்று வந்துவிட்டார். குறட்டை வாரத்துக்கு ஒருவர் பிடிப்பதென்று அவர்களாகவே ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள். போன வாரம் திருப்பூர் தம்பியின் முறை, அண்ணன் சம்மட்டிக்குப் போனார். "சூடு பத்தல, மறுபடி வை" என்று அண்ணன் சொல்ல, "நான் பாத்துக்கறேன்ணா" என்றார் தம்பி. வெல்டிங் மெஷின் பேச்சை வெல்டர் மறுபடி ஆரம்பித்திருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் உட்கார்கிறோம்.